மீன் தொட்டிக் கண்ணாடியில் துளையிட்டு ஓவர்ஃப்ளோ பொருத்துவது: டர்பன் வீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

மேலே தொட்டி, கீழே மேசைக்குள் சம்ப், அதாவது துணைத் தொட்டி. மோட்டார் தண்ணீரை மேலே ஏற்றிவிடும். அதில் பெரிய சிக்கல் எதுவுமில்லை. ஏறிய தண்ணீர் அதே வேகத்தில், சத்தமில்லாமல், ஒரு சொட்டுக்கூடத் தரையில் விழாமல் கீழே இறங்க வேண்டும். சம்ப் வைத்த தொட்டியின் பாதுகாப்பு முழுவதும் இந்த இறக்கத்தில்தான் இருக்கிறது.

இப்படி நீரை இறக்கும் அமைப்புதான் ஓவர்ஃப்ளோ. அதற்கு இரண்டு வழிகள் உண்டு. தொட்டியின் விளிம்பில் ஒரு பெட்டியைத் தொங்கவிட்டு, யூ வடிவக் குழாய் வழியாக சைஃபன் முறையில், அதாவது குழாய் முழுக்க நிறைந்த நீர் பின்னால் வரும் நீரையும் இழுத்துக்கொண்டு இறங்கும்படி, தண்ணீரை வெளியே எடுப்பது ஒன்று. கண்ணாடியிலேயே துளையிட்டு வடிகால் குழாயைப் பொருத்துவது மற்றொன்று. நல்ல கண்ணாடியில் நாமாகவே ஓட்டை போடுவதா என்று தயங்கி, பலர் முதல் வழிக்குப் போய்விடுகிறார்கள். தென்னாப்பிரிக்காவில் வசிக்கும் நாம் அப்படிப் போகக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

காரணம் மின்சாரம். 2007 இறுதியிலும் 2008 தொடக்கத்திலும் நமக்கு அறிமுகமான லோட் ஷெடிங் எனும் முறைவைத்த மின்வெட்டு, 2023இல் உச்சத்துக்குப் போனது. 2024 மார்ச் இறுதிக்குப் பிறகு நீண்ட காலம் ஓய்ந்திருந்து, 2025இல் சில நாட்கள் மீண்டும் எட்டிப் பார்த்தது. அது இல்லாத நாட்களிலும் இடி மின்னலோ, கேபிள் திருட்டோ, துணை மின்நிலையப் பழுதோ வந்து நிற்கும். மின்சாரம் போவதால் தரை நனைவதில்லை. போன மின்சாரம் திரும்பி வரும்போதுதான் ஆபத்து. தொங்கும் ஓவர்ஃப்ளோவின் யூ குழாயில் காற்றுக் குமிழ்கள் சேர்ந்து சைஃபன் அறுந்திருந்தால், அது தானாகத் திரும்பத் தொடங்காது. மோட்டாருக்கு இது தெரியாது. சம்பில் இருப்பதையெல்லாம் மேலே ஏற்றிக்கொண்டே இருக்கும். தைப்பூசக் காவடி நாளில் குடும்பமே கோவிலில் இருக்கும்போது டர்பனின் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ மின்சாரம் போய் வந்தால், அந்தக் குழாயில் காற்றை உறிஞ்சி சைஃபனைத் தொடங்கிவைக்க வீட்டில் யார் இருக்கிறார்கள்? துளையிட்ட தொட்டிக்கு இந்தக் கவலை கிடையாது. தண்ணீர் மட்டம் ஏறினால் வழிந்தே தீரும். அதை யாரும் தொடங்கிவைக்க வேண்டியதில்லை.

முதலில் கண்ணாடியைச் சோதியுங்கள்

டிரில்லைக் கையில் எடுப்பதற்கு வெகு முன்பே முடிவாக வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அது சாதாரணக் கண்ணாடியா, டெம்பர் செய்த கண்ணாடியா? டெம்பர் செய்யும்போது கண்ணாடியைச் சூடாக்கி, அதன் மேற்பரப்பைக் காற்றால் வேகமாகக் குளிர்விக்கிறார்கள். அதனால் வெளிப்புறம் நெருக்கப்பட்டும் உட்புறம் இழுபட்டும் நிற்கும். அந்தச் சமநிலையைத் துளை குலைத்த கணத்தில் முழுத் தகடும் சிறு சிறு துண்டுகளாகச் சிதறிவிடும். விலை உயர்ந்த டிரில் பிட்டோ கைத்தேர்ச்சியோ இதைத் தடுக்காது.

உள்ளூரில் கையால் ஒட்டிச் செய்யப்படும் தொட்டிகள் பெரும்பாலும் சாதாரணக் கண்ணாடியால் ஆனவை. பெட்டியில் அடைத்து வரும் தொழிற்சாலைத் தொட்டிகளில் பக்கங்கள் சாதாரணக் கண்ணாடியாகவும் அடித்தகடு மட்டும் டெம்பர் செய்ததாகவும் இருப்பது வழக்கம். ஒரு பக்கத்தைச் சோதித்துவிட்டு மற்றதற்கும் அதுவே பொருந்தும் என்று நினைக்காதீர்கள். எந்தத் தகட்டில் துளையிடப் போகிறீர்களோ அதே தகட்டைச் சோதியுங்கள்.

சோதனைக்குத் தேவையானது மடிக்கணினியின் எல்சிடி திரையும் போலராய்ட் கறுப்புக் கண்ணாடியும். கடற்கரையில் தூண்டில் போடுபவர் இருக்கும் வீட்டில் அந்தக் கறுப்புக் கண்ணாடி நிச்சயம் இருக்கும். தண்ணீரின் மினுமினுப்பைத் தாண்டிப் பார்க்க அவர்கள் அணிவது அதைத்தான். திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, தொட்டித் தகட்டின் பின்னால் வையுங்கள். கறுப்புக் கண்ணாடியைக் கண் முன் பிடித்து மெல்லச் சுழற்றுங்கள். ஒரு கோணத்தில் திரை முழுக்க இருண்டுபோகும். அங்கேயே நிறுத்திக்கொண்டு தகட்டின் ஊடாகப் பாருங்கள். இருட்டு ஒரே சீராக இருந்தால் சாதாரணக் கண்ணாடி. இருட்டுக்குள் வெளிறிய பட்டைகளோ, புள்ளிகளோ, மூலைகளில் வானவில் நிறங்களோ தெரிந்தால் அது டெம்பர் செய்தது. அந்தத் தகட்டை விட்டுவிடுங்கள். எந்தக் கோணத்திலும் திரை இருளவே இல்லை என்றால் அந்தத் திரை இந்த வேலைக்கு உதவாது. சில கைபேசித் திரைகள் அப்படித்தான். வேறு திரையைத் தேடுங்கள். தகட்டின் மூலையில் பாதுகாப்புக் கண்ணாடி என்ற முத்திரை பொறிக்கப்பட்டிருந்தால் சோதனையே வேண்டாம், டெம்பர் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை துளைகள், எங்கே?

ஒரே ஒரு துளை போதும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஒரு நத்தையோ, பாசித் திரளோ, செத்த மீனோ ஒரு குழாயை அடைத்துவிடும். மாற்றுக் குழாய் இல்லாத தொட்டி எந்த நாளிலும் வழியலாம்.

டர்சோ எனப்படும் ஒற்றைக் குழாய் முறையில் தண்ணீரும் காற்றும் ஒன்றாக இறங்கும். செய்வது எளிது, ஆனால் சலசலப்பு உண்டு, மாற்றுக் குழாய் கிடையாது. ஹெர்பி முறையில் இரண்டு குழாய்கள். ஒன்று காற்றே இல்லாமல் முழு சைஃபனாக ஓடும். மற்றது வறண்டு நின்று, முதல் குழாய் அடைபட்டால் மட்டும் வேலைக்கு வரும். பீன் அனிமல் முறையில் மூன்று: முழு சைஃபன் ஒன்று, மிஞ்சும் சிறிதளவு நீர் காற்றோடு இறங்கும் திறந்த குழாய் ஒன்று, அவசரத்துக்கு ஒன்று. தொட்டி 1 மீட்டருக்கு மேல் நீளமென்றால் நான் மூன்றையே பரிந்துரைப்பேன். இரண்டு குழாய் முறையில் வால்வைச் சரியாக வைப்பதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும், சம்பில் மட்டம் மாறினால் அதைத் திரும்பவும் தொட வேண்டியிருக்கும். மூன்று குழாய் முறை அந்தச் சிறு ஏற்ற இறக்கங்களைத் தானே சரிக்கட்டிக்கொள்ளும். மின்சாரம் போய் வந்த பின் யார் கையும் படாமல் பழைய நிலைக்குத் திரும்பவும் செய்யும்.

அடித்தகட்டில் துளையிடுவதை நான் விரும்புவதில்லை. அங்கே பல்க்ஹெட், அதாவது துளையில் வாஷரும் நட்டும் வைத்து இறுக்கிக் குழாயை இணைக்கும் பாகம், கசிந்தால் தொட்டி முழுவதும் காலியாகலாம். பின் தகட்டின் மேற்பகுதியில் கசிந்தால் துளையின் மட்டம் வரைக்கும்தான் இறங்கும், மீன்கள் பிழைக்கும்.

இனி அளவு. இந்தக் கட்டுரை முழுவதற்கும் 120 செ.மீ. நீளம், 50 செ.மீ. அகலம், 55 செ.மீ. உயரம், 10 மி.மீ. கண்ணாடி கொண்ட தொட்டியை எடுத்துக்கொள்கிறேன். முதலில் பல்க்ஹெட்டை வாங்குங்கள், பிறகு பிட்டை. இந்த வரிசை மாறக் கூடாது. நம் ஊர் ஹார்ட்வேர் கடைகளில் டேங்க் கனெக்டர் என்று கேட்டால் கிடைப்பதும் பல்க்ஹெட்டின் வேலையைச் செய்யும். ஆனால் 32 மி.மீ. குழாய்க்கானது என்று எழுதியிருந்தாலும் மரையுள்ள பகுதியின் வெளி விட்டம் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். வெர்னியர் காலிப்பரால் அளந்து, அதைவிட 1 முதல் 2 மி.மீ. பெரிய துளை வரும்படி பிட்டைத் தேர்ந்தெடுங்கள். பல்க்ஹெட் துளைக்குள் தளர்வாக நுழைய வேண்டும். தட்டி நுழைக்கும்படி இருந்தால் கண்ணாடிக்கு அழுத்தம் வந்துவிடும். அதே நேரம் வாஷர் துளையைச் சுற்றிலும் நன்றாக மூட வேண்டும்.

துளை 45 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். துளையின் ஓரத்துக்கும் தகட்டின் ஓரத்துக்கும் இடையே குறைந்தது துளையின் விட்டம் அளவு, அதாவது 45 மி.மீ., கண்ணாடி மிஞ்ச வேண்டும். எனவே துளையின் மையம் மேல் ஓரத்திலிருந்து குறைந்தது 67.5 மி.மீ. கீழே வரும், 75 என்று வைத்தால் நிம்மதி. இரண்டு துளைகளுக்கு இடையிலும் அதே அளவு கண்ணாடி வேண்டும், ஆகவே மையத்துக்கு மையம் 90 மி.மீ. குறைந்தபட்சம். பல்க்ஹெட்டின் விளிம்பும் நட்டும் துளையைவிட அகலமானவை. நட்டைத் திருக விரல்கள் நுழையவும் இடம் வேண்டும். எனவே 100 வைப்பது நல்லது. மூன்று துளைகளையும் அட்டையில் வரைந்து, அட்டையைத் தகட்டில் ஒட்டி, குழாய், முழங்கை (குழாயைத் திருப்பும் வளைவு இணைப்பு), சுவர் எல்லாவற்றையும் மனக்கண்ணால் பொருத்திப் பாருங்கள். சுவருக்கும் தொட்டிக்கும் இடையே முழங்கை அடங்கும் அளவு இடைவெளி இருக்கிறதா என்று அளக்க மறந்துவிடாதீர்கள்.

தொட்டியின் நீர்மட்டத்தைத் துளை தீர்மானிப்பதில்லை. துளைகளை உள்ளிருந்து மூடி நிற்கும் பெட்டியின் மேல் விளிம்புதான் தீர்மானிக்கும். அந்த விளிம்பின் நீளத்துக்குப் பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு, ஒவ்வொரு 2.5 செ.மீ.க்கும் மணிக்குச் சுமார் 250 லிட்டர். நம் தொட்டிக்கு மணிக்கு 1,500 லிட்டர் ஓட்டம் என்றால் 15 செ.மீ. போதும். ஆனால் மீன் உள்ளே போகாதபடி சீப்புப் பற்கள் வெட்டினால் பாதி வழி அடைபடும், எனவே 30 செ.மீ. மூன்று துளைகளுக்கு எப்படியும் 35 முதல் 40 செ.மீ. நீளப் பெட்டி தேவைப்படும், ஆகவே கவலையில்லை.

என்னென்ன வேண்டும்

வைரத் துகள் பூசிய வட்ட பிட், கண்ணாடிக்கென்றே விற்கப்படுவது. ஆங்கிள் கிரைண்டரில் உலர்வாக ஓட்டும் டைல் பிட்டை வாங்காதீர்கள். அதன் துகள் முரடு, கண்ணாடியின் ஓரம் பெயரும். மூன்று துளை போடுவதென்றால் இரண்டு பிட் வாங்கிவையுங்கள். மலிவான பிட்டின் வைரப்பூச்சு தேயத் தொடங்கியதும் கை தானாக அழுத்த ஆரம்பிக்கும். கண்ணாடி உடைவது பெரும்பாலும் அப்போதுதான்.

வேகத்தைக் கட்டுப்படுத்தக்கூடிய டிரில், முடிந்தால் பேட்டரியில் ஓடுவது. நம் வீடுகளில் மின்னழுத்தம் 230 வோல்ட். ஈரக் கையோடு, தண்ணீர் தேங்கிய கண்ணாடியின் மேல் ஒயர் இழுத்த டிரில்லைப் பிடிப்பது எனக்கு உடன்பாடில்லை. ஒயர் டிரில்தான் இருக்கிறது என்றால் எர்த் லீக்கேஜ் (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும்) பாதுகாப்புள்ள பிளக்கில் மட்டும் மாட்டுங்கள். வேலை தொடங்குமுன் அதன் சோதனைப் பொத்தானை அழுத்தி, மின்சாரம் துண்டாகிறதா என்று பாருங்கள். ஒயர் தரையை நோக்கித் தொங்கி, பிறகு பிளக்குக்கு ஏற வேண்டும். வழியும் நீர் பிளக்கை எட்டாது.

இவற்றோடு 12 மி.மீ. ஒட்டுப்பலகைத் துண்டு, பிளம்பர் புட்டி அல்லது குழந்தைகள் விளையாடும் களிமண், அகலமான ஒட்டுநாடா, தடித்த துண்டுகள், கண் பாதுகாப்புக் கண்ணாடி, 400 எண் நீர்த்தாள் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்). பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்ற ஒருவர் வேண்டும். தம்பியோ மகளோ யாராக இருந்தாலும் அவருக்கும் கண் பாதுகாப்பு கட்டாயம்.

துளையிடுதல்

தொட்டி முழுக்கக் காலியாகவும் சுத்தமாகவும் இருக்க வேண்டும். நிழலில் வேலை செய்யுங்கள். டர்பன் வெயிலில் சூடேறிய கண்ணாடி மேல் குழாய்த் தண்ணீரை ஊற்றினால் துளை தொடங்குமுன்பே விரிசல் விழலாம். தண்ணீரையும் தொட்டியையும் ஒரே நிழலில் ஒரு மணி நேரம் வைத்திருந்தால் இரண்டின் வெப்பமும் நெருங்கிவிடும்.

தரையில் போர்வை விரித்து, தொட்டியை முன் தகட்டின் மேல் படுக்க வையுங்கள். துளையிட வேண்டிய பின் தகடு இப்போது மேலே, தரைக்கு இணையாக இருக்கும். வெட்டுப்படும் கண்ணாடி வட்டு உள்ளே விழுந்து முன் தகட்டில் கீறல் போடாதபடி, தொட்டிக்குள் தடித்த துண்டை மடித்துப் போடுங்கள். துளை வரும் இடத்தின் உட்பக்கத்தில் ஒட்டுநாடாவைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டுங்கள். வட்டைத் தாங்கிப் பிடிப்பதோடு, பிட் வெளியேறும்போது ஓரம் பெயர்வதையும் அது குறைக்கும்.

வட்ட பிட்டுக்கு நடுவில் கூர்முனை கிடையாது. நேராக வைத்து ஓட்டினால் வழுக்கிக்கொண்டு கண்ணாடி முழுக்கக் கோலம் போட்டுவிடும். ஒட்டுப்பலகைத் துண்டில், மரத்துக்கான வட்ட ரம்பத்தால், அதே விட்டத்தில் ஓட்டை போட்டு, குறித்த இடத்தில் இருபக்க ஒட்டுநாடாவால் பதித்துவிடுங்கள். பிட் அந்த வளையத்துக்குள் அடங்கி நிற்கும். அனுபவம் உள்ளவர்கள் பிட்டை 45 பாகை சாய்த்துப் பிறை போல ஒரு பள்ளம் உண்டாக்கி, மெல்ல நிமிர்த்துவார்கள். முதல் முறை செய்பவர்கள் பலகையையே நம்புங்கள்.

பலகையைச் சுற்றிக் களிமண்ணால் விரல் உயரத்துக்கு ஒரு வரப்புக் கட்டுங்கள். உள்ளே தண்ணீரை நிரப்புங்கள். பிட்டின் வெட்டு முனை ஒரு விநாடிகூடத் தண்ணீருக்கு வெளியே இருக்கக் கூடாது. தண்ணீர் சூட்டைத் தணிக்கிறது. நுரையீரலுக்குத் தீங்கான கண்ணாடித் தூசி பறக்காமல் அடக்கியும் வைக்கிறது.

டிரில்லை முதல் கியரில் வையுங்கள். 45 மி.மீ. பிட்டுக்கு நிமிடத்துக்கு 400 முதல் 600 சுற்று நல்ல வேகம். பிட் பெரிதானால் வேகம் குறைய வேண்டும். சுத்தியல் பொறி அணைந்திருக்கிறதா என்று இரண்டு தடவை பாருங்கள். டிரில்லின் எடை மட்டும் கண்ணாடி மேல் இறங்கட்டும். உங்கள் கை அதை நேராகப் பிடிக்க மட்டுமே; தள்ளுவதற்கு அல்ல.

முதல் ஒரு நிமிடம் எதுவுமே நடக்காதது போலத் தோன்றும். பிறகு தண்ணீர் மெல்ல வெளுக்கும், சிறிது நேரத்தில் பால் போலாகும். கண்ணாடி அரைபடுகிறது, வேலை ஒழுங்காக நடக்கிறது என்று பொருள். உதவிக்கு நிற்பவர் அந்தப் பாலைப் பஞ்சால் ஒற்றியெடுத்துவிட்டுத் தெளிந்த நீரை ஊற்ற வேண்டும். குழம்பு கெட்டியானால் பிட் வெட்டாமல் வழுக்கும். அரை நிமிடத்துக்கொரு முறை பிட்டை ஒரு நூல் உயரம் தூக்கி, வெட்டுப் பள்ளத்துக்குள் நீர் புகவிட்டு, மீண்டும் இறக்குங்கள். சத்தத்தைக் கவனியுங்கள். கரகரவென்ற சீரான ஓசை நல்லது. கீச்சென்று உயர்ந்தால் அங்கே நீர் போதவில்லை, அல்லது நீங்கள் அழுத்துகிறீர்கள். உடனே நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

10 மி.மீ. கண்ணாடிக்கு ஒரு துளை கால் மணி நேரம் வரை பிடிக்கலாம். முக்கால் பங்கு கடந்ததும் ஓசை தாழ்ந்து, உள்ளீடற்ற பொருளைத் தேய்ப்பது போல ஆகும். கடைசி 2 மி.மீ.தான் மிகவும் நிதானம் வேண்டிய இடம். டிரில்லின் எடையிலும் பாதியைக் கையால் தாங்கிக்கொள்ளுங்கள். வரப்புக்குள் இருந்த நீர் உள்ளே ஒழுகத் தொடங்கினால் பிட் ஓரிடத்தில் ஊடுருவிவிட்டது என்று அர்த்தம். நீரை ஊற்றிக்கொண்டே, தொடும் அளவு மட்டும் இறக்கி, வட்டம் முழுதும் அறுபடும் வரை பொறுத்திருங்கள். எட்டிப் பார்க்கவோ தட்டி உடைக்கவோ கூடாது. வட்டு நாடாவில் தங்கும், அல்லது பிட்டுக்குள் சிக்கியிருக்கும். சிக்கியிருந்தால் பின்புறத் துவாரத்தின் வழியாகக் குச்சியால் தள்ளி எடுங்கள்.

துளையின் விளிம்பைக் கழுவி, நல்ல வெளிச்சத்தில் சுற்றிலும் பாருங்கள். உட்புற ஓரத்தில் சிப்பி வடிவில் சிறு பெயர்ப்புகள் இருப்பது சகஜம். அவை வாஷரின் கீழ் முழுமையாக மறைந்தால் பாதகமில்லை. துளையிலிருந்து வெளிநோக்கி ஓடும் மயிரிழை விரிசல் இருந்தால் அந்தத் தகடு போய்விட்டது. சிலிக்கன் பூசி மறைக்க முயலாதீர்கள். முன்னூறு கிலோ நீர் ஒருநாள் அதை நீட்டிவிடும். நல்ல துளை என்றால் நீர்த்தாளை நனைத்து, கூரான விளிம்பை இருபுறமும் லேசாக மழுக்குங்கள். பிறகு அடுத்த துளை.

பல்க்ஹெட்டும் பெட்டியும்

பல்க்ஹெட்டின் அகன்ற விளிம்பு தொட்டிக்குள்ளும் நட்டு வெளியேயும் வர வேண்டும். ரப்பர் வாஷர் விளிம்பின் பக்கம், அதாவது தண்ணீர் இருக்கும் பக்கம். நட்டின் பக்கம் வைத்தால் மரையின் இடுக்கு வழியாக நீர் கசியும். வாஷரில் சிலிக்கன் பூசுவது பலருக்குப் பழக்கம். எனக்கு அது ஒப்பில்லை. சுத்தமான ரப்பரும் சுத்தமான கண்ணாடியும் தாமாகவே அடைத்துக்கொள்ளும். சிலிக்கன் ரப்பரை வழுக்கவைத்து, இறுக்கும்போது பிதுங்கச் செய்கிறது. கையால் முடிந்த மட்டும் இறுக்கிவிட்டு, கருவியால் இன்னும் கால் சுற்று. அதற்கு மேல் வேண்டாம். சில பல்க்ஹெட்டுகளில் மரை எதிர்த் திசையில் வெட்டப்பட்டிருக்கும், எனவே நட்டு நுழையவில்லை என்று பலவந்தம் செய்யாமல் மறு திசையில் திருகிப் பாருங்கள்.

உட்பெட்டியை 5 அல்லது 6 மி.மீ. கண்ணாடியில் செய்வது மேல். அக்ரிலிக்கைச் சிலிக்கன் உறுதியாகப் பிடிக்காது. புளிக்காடி வாசம் வரும், மீன் தொட்டிக்கு ஏற்றது என்று எழுதியுள்ள சிலிக்கனையே வாங்குங்கள். குளியலறைக்கானதில் பூஞ்சைக் கொல்லி இருக்கும், அது மீனையும் கொல்லும். ஒட்டிய பின் குறைந்தது இரண்டு நாள் தொடாதீர்கள். டர்பனின் கோடைப் புழுக்கம் இதற்கு அனுகூலம்தான், காற்றின் ஈரத்தை எடுத்துத்தான் சிலிக்கன் இறுகுகிறது.

குழாய்களில் மூன்று விவரங்களைக் கவனியுங்கள். முழு சைஃபன் குழாயில், பல சுற்றுத் திருகி மெல்ல மெல்ல மூடும் கேட் வால்வு ஒன்றைப் பொருத்துங்கள். கால் சுற்றிலேயே முழுதாக மூடிவிடும் பால் (ball) வால்வில் நுண்ணிய திருகல் கிடைக்காது. அந்தக் குழாயின் அடி முனை சம்ப் நீருக்குள் 2 அல்லது 3 செ.மீ. மட்டுமே இறங்கியிருக்கட்டும். ஆழமாக இறக்கினால் மின்சாரம் வந்ததும் உள்ளே இருக்கும் காற்றை நீர் வெளியே தள்ள முடியாமல் திணறும், சைஃபன் தொடங்கத் தாமதமாகும். அவசரக் குழாயின் வாய், பெட்டிக்குள் வழக்கமான நீர்மட்டத்தைவிட 2 முதல் 3 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். அடி முனை சம்ப் நீருக்கு மேலேயே நிற்கட்டும். அதில் நீர் விழுந்தால் அடுத்த அறை வரைக்கும் கேட்கும், ஏதோ அடைத்திருக்கிறது என்று தெரிந்துகொள்வீர்கள்.

மின்சாரம் போனால் எவ்வளவு நீர் இறங்கும்?

இந்தக் கணக்கைப் போடாமல் சம்ப் வாங்கக் கூடாது. நம் தொட்டியின் பரப்பு 120 × 50, அதாவது 6,000 சதுர செ.மீ. எனவே மட்டம் 1 செ.மீ. இறங்கினால் 6 லிட்டர் கீழே போகும்.

மோட்டார் ஓடும்போது நீர் பெட்டியின் விளிம்புக்கு மேல் சுமார் 1.5 செ.மீ. நிற்கும். அது 9 லிட்டர். மோட்டார் நின்றதும், அதிலிருந்து மேலே போகும் ஏற்றக் குழாய் எதிர்த் திசையில் சைஃபனாக மாறும். அதன் வாய் காற்றைத் தொடும் வரை தொட்டி நீரை இழுக்கும். வாய் விளிம்புக்குக் கீழே 3 செ.மீ.யில் இருந்தால் 18 லிட்டர். பெட்டிக்குள் இருப்பது சுமார் 5, குழாய்களில் 2. ஆக 34 லிட்டர். சம்ப் 75 × 35 செ.மீ. என்றால் மட்டம் 13 செ.மீ. உயரும். எனவே ஓடும் நிலையில் சம்பின் மேல் விளிம்புக்குக் கீழே குறைந்தது 16 செ.மீ. காலியாக இருக்க வேண்டும். ஏற்றக் குழாயின் வாயை 15 செ.மீ. ஆழத்தில் வைத்தவர் வீட்டில் என்ன நடக்கும்? அந்தக் குழாய் ஒன்றே 90 லிட்டரை இறக்கும்; மேசைக்கடிச் சம்ப் பெரும்பாலும் அதைத் தாங்காது.

ஏற்றக் குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே சிறு துவாரம் போட்டால் காற்று புகுந்து சைஃபன் அறுபடும். போடுங்கள், ஆனால் அதை நம்பியிருக்காதீர்கள். பாசி அதைச் சில வாரங்களில் அடைத்துவிடும். ஒருவழி வால்வும் அப்படித்தான், ஒரு சிறு கிளிஞ்சல் துண்டு இடையில் மாட்டினால் மூடாது. வாயை மேலே வைப்பதுதான் என்றும் கைவிடாத வழி.

இதற்கு நேர் எதிரான கணக்கும் ஒன்று உண்டு. எல்லா வடிகால்களும் அடைத்துவிட்டால், சம்பில் மோட்டார் நிற்கும் அறையில் உள்ள நீர் முழுவதும் மேலே ஏறும். மேல் தொட்டியில் நீர்மட்டத்துக்கும் விளிம்புக்கும் இடையே 4 செ.மீ. இருந்தால் அது 24 லிட்டர் கொள்ளும். மோட்டார் அறையில் உறிஞ்சக்கூடிய நீர் அதற்குக் குறைவாக இருக்கும்படி தடுப்பை வைத்தால், மோட்டார் வறண்டு ஓடுமே தவிரத் தரை நனையாது.

வராந்தாவில் சோதனை

வீட்டுக்குள் கொண்டுபோகுமுன் வெளியே சமதளத்தில் வைத்து, குழாய்த் தண்ணீரால் நிரப்புங்கள். ஒவ்வொரு பல்க்ஹெட்டின் அடியிலும் காய்ந்த காகிதத்தை வைத்து ஒரு நாள் முழுக்க விடுங்கள். காகிதத்தில் ஒரு வட்டம் ஈரம் தெரிந்தாலும் கழற்றி, வாஷரின் கீழ் மணலோ பிசிறோ இருக்கிறதா என்று பாருங்கள். மேலும் இறுக்குவது பெரும்பாலும் தீர்வல்ல.

பிறகு மோட்டாரை ஓடவிடுங்கள். தொட்டியின் கொள்ளளவைப் போல மணிக்கு 3 முதல் 5 மடங்கு ஓட்டம் போதும். கேட் வால்வை முழுதாகத் திறந்து, உறிஞ்சும் சத்தம் நிற்கும் வரை கால் கால் சுற்றாக மூடிக்கொண்டே வாருங்கள். திறந்த குழாயில் மெல்லிய நீரோட்டம் மட்டும் மிஞ்சும் இடத்தில் விட்டுவிடுங்கள். மூன்று குழாயும் ஒழுங்காக அமைந்தால், அருகில் நின்றாலும் நீர் இறங்குவது கேட்காது.

இப்போது வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள். மோட்டாரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சம்ப் எதுவரை உயர்கிறது என்று பேனாவால் கோடு போடுங்கள். அது விளிம்பைத் தொடாமல் நின்றால், பிளக்கைச் சொருகிவிட்டு விலகி நில்லுங்கள். சைஃபன் தானாகத் தொடங்க வேண்டும். இதைப் பலமுறை செய்யுங்கள். அரை மணி நேரம் நிறுத்தியும் ஒரு தடவை, இரண்டு மணி நேரம் நிறுத்தியும் ஒரு தடவை. அடுத்து, சைஃபன் குழாயின் வாயை உள்ளங்கையால் அடையுங்கள். மற்ற இரண்டும் முழு ஓட்டத்தையும் தாங்க வேண்டும். பிறகு திறந்த குழாயையும் அடைத்துவிட்டு அவசரக் குழாய் தனியாகத் தாங்குகிறதா என்று பாருங்கள். தாங்கவில்லை என்றால் மோட்டார் பெரிது, சிறியதாக மாற்றுங்கள்.

வீட்டுக்குள் வைத்த பின் சம்பின் வெளிப்புறத்தில் இரண்டு கோடுகள் நிரந்தரமாக இருக்கட்டும்: ஓடும்போதைய மட்டம், மின்சாரம் நின்றபோது உயர்ந்த மட்டம். ஆவியான நீரை நிரப்பும் வீட்டார் யாராக இருந்தாலும் முதல் கோட்டைத் தாண்டக் கூடாது என்று சொல்லிவையுங்கள். மாதத்துக்கொரு முறை பெட்டியின் பற்களில் படிந்த பாசியைப் பல்துலக்கியால் தேய்த்தெடுங்கள், அவசரக் குழாயின் வாயில் சிலந்தி வலை கட்டியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள், கேட் வால்வை இருக்கும் நிலையிலிருந்து அரைச் சுற்றுத் திறந்து பழைய இடத்துக்கே மூடுங்கள். உப்பு நீர்த் தொட்டியென்றால் வால்வு இறுகிப்போகாமல் இருக்க இது ஒன்றே வழி.